கல்நார்த் தகட்டுக் கூரையும் உழவர் ஆரோக்கியமும்

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த புளியங்குடி, எலுமிச்சை விளைச்சலுக்கும் எலுமிச்சை வியாபாரத்துக்கும் பெயர்பெற்ற ஊர் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வூரிலும் சங்கரன்கோவில் வட்டாரத்தின் ஏனைய கிராமங்களிலும், முன்பு பனையோலையும் நாட்டு ஓடும் வேய்ந்திருந்த பல இடங்களில் இப்போது சாம்பல் நிறமுள்ள நெளித் தகடுகள் காணப்படுகின்றன. பம்பு செட்டு அறை, மாட்டுத் தொழுவம், உரக் கிடங்கு, காய் தரம் பிரிக்கும் கொட்டகை, கோழிக் கொட்டில் ஆகிய எல்லாவற்றுக்கும் இத்தகடே கூரையாகி வருகிறது. ஜனங்கள் இதனை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு என்றும் சிமெண்டு ஷீட்டு என்றும் வழங்குவர்.

இத்தகட்டின் நற்குணங்களை மறுப்பதற்கில்லை. விலை மலிவு, கறையான் அரிக்காது, துருப்பிடிக்காது, தீப்பற்றாது, ஆண்டுதோறும் கூரை மாற்றும் செலவும் இல்லை. ஆனால் இதனுள் கலந்திருக்கும் கல்நார் என்னும் பொருளின் தூசி மனிதனுடைய நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்க வல்லது. தகடு முழுமையாய்க் கூரைமேல் கிடக்கும்வரை அதிலிருந்து வெளிப்படும் தூசி மிகச் சொற்பம். அதனை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், சுரண்டும்போதும்தான் அபாயம் மிகுதியாகிறது. அவ்வேலைகளைச் செய்பவர் கொத்தனார், தச்சர், பண்ணையாள், சித்தாள் ஆகியோரும், பல சமயங்களில் நிலச்சொந்தக்காரருமே ஆவர். தொழிற்சாலையில் வேலை செய்பவனைக் காக்கச் சட்டமும் பரிசோதகரும் உண்டு. தொழுவத்துக் கூரையைப் பிரிப்பவனைக் காக்க, அவனை வேலைக்கு அமர்த்தியவரைத் தவிர வேறொருவரும் அருகில் இல்லை. ஆகையால் இவ்விஷயத்தை விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் நன்கு அறிந்திருத்தல் அவசியமாகிறது.

கல்நார் என்பது யாது?

கல்நார் என்பது பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஒருவகைக் கனிப்பொருள். பார்வைக்குக் கல்லாகவே இருப்பினும், கையால் பிரித்தால் பஞ்சைப்போல் இழை இழையாகப் பிரியும் தன்மையுடையது. இதனாலேயே கல்நார் என்னும் பெயர் பெற்றது. வெண்மை, நீலம், பழுப்பு என இதில் முக்கியமான மூன்று வகைகள் உண்டு. கூரைத் தகடு செய்ய இந்நாளில் உபயோகிப்பது கிரிசோடைல் எனப்படும் வெண்கல்நார் ஆகும். பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கடப்பை ஜில்லாவில், புலிவெந்துலாவை அடுத்த சுண்ணாம்புப் பாறைகளிடையே இவ்வகைக் கல்நார் கிடைத்து வந்தது.

சிமெண்டையும் கல்நாரையும் தண்ணீரில் குழைத்து மெல்லிய தகடாக வார்க்கும் முறையை ஆஸ்திரிய தேசத்து லுட்விக் ஹாட்செக் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் கண்டுபிடித்தார். இந்தியாவில் 1934-ஆம் ஆண்டு முதல் மத்தியப் பிரதேசத்துக் கைமூரில் இத்தகடுகள் உற்பத்தியாகத் தொடங்கின. சாதாரணமாக ஒரு தகட்டின் எடையில் நூற்றுக்குச் சுமார் 8 முதல் 10 பங்கு கல்நாரும், எஞ்சியது சிமெண்டு, நிலக்கரிச் சாம்பல் முதலியனவும் இருக்கும். பங்கு சிறிதாயினும், கல்நார் இழை மனிதத் தலைமயிரைவிடப் பல மடங்கு நுண்ணியதாகையால், தகட்டின் சிறு துண்டொன்றில் அடங்கியிருக்கும் இழைகள் எண்ணில் அடங்கா.

உடலைக் கெடுக்கும் விதம்

நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள பருமனான தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துச் சளியாய் வெளியேற்றிவிடும். கல்நார் இழையோ, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அவற்றில் ஓரிரு கூறு பருமனும் அதற்கும் குறைவான பருமனும் உடையது. ஆகையால் அது தடைகளைக் கடந்து நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்றுவிடுகிறது. அங்கே கிருமிகளையும் தூசியையும் விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் இந்த நீண்ட இழையை முழுவதும் விழுங்க இயலாமல் தாமே அழிகின்றன. இழை உடலில் எளிதில் கரைவதில்லை. அதனைச் சுற்றிலும் புண்ணும் வடுவுமாய் உண்டாகி, பஞ்சுபோல் மிருதுவாய் இருக்கவேண்டிய நுரையீரல் நாளடைவில் விறைத்துப் போகிறது.

இதனால் விளையும் வியாதிகள் முக்கியமாக மூன்று. முதலாவது, ஆஸ்பெஸ்டோசிஸ் என்னும் நுரையீரல் இறுக்கம். ஆரம்பத்தில் மேடேறும்போது மட்டும் மூச்சுத் திணறும். பின்னர் சமதரையில் நடக்கவும், முடிவில் பேசவுமே மூச்சுப் போதாது. இரண்டாவது, நுரையீரல் புற்றுநோய். மூன்றாவது, மீசோதீலியோமா என்னும் புற்றுநோய். நுரையீரலையும் வயிற்றையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் தோன்றும் இந்நோய்க்குக் கல்நாரே முக்கிய காரணமாகும். கல்நார்த் தூசி குரல்வளையிலும், மாதர்களின் சூல்பையிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதும் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. நுரையீரலில் ஏற்பட்ட வடுவை அகற்றித் தரும் மருந்து எதுவும் இல்லை.

இவ்வியாதிகளின் மிகக் கொடிய லக்ஷணம் அவற்றின் தாமதமே. இன்று சுவாசித்த தூசிக்கு நாளை இருமல்கூட வராது. நுரையீரல் இறுக்கம் பெரும்பாலும் 10 அல்லது 20 ஆண்டுகள் கழித்தும், மீசோதீலியோமா 30 அல்லது 40 ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். "முப்பது வருஷமாய் இக்கூரையின் கீழ் இருக்கிறோம், யாருக்கு என்ன வந்தது?" என்று கேட்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். முழுத் தகட்டின் கீழ் குடியிருப்பது வேறு. அதனை அறுத்துத் தூசியை உட்கொள்வது வேறு. தவிர, அறுத்தவனுக்கு வரும் மூச்சுத் திணறலைக் கிராமத்தில் ஆஸ்துமா என்றோ, காசநோய் என்றோ, முதுமை என்றோ எண்ணிவிடுகிறார்களே தவிர, பழைய கூரை வேலையை எவரும் நினைப்பதில்லை.

புகை பிடிப்பவர்களுக்கு அபாயம் பன்மடங்காகிறது. அமெரிக்காவில் கல்நார்க் காப்பு வேலை செய்த ஆயிரக்கணக்கான தொழிலாளரை ஆராய்ந்து 1979-இல் வெளியான முடிவின்படி, கல்நார் வேலையும் புகைப் பழக்கமும் இல்லாதவனுக்கு நுரையீரல் புற்றுநோய் வரக்கூடிய அளவை ஒன்று என்று கொண்டால், கல்நார் வேலை மட்டும் செய்தவனுக்கு அது சுமார் ஐந்து மடங்கு; புகைப் பழக்கம் மட்டும் உடையவனுக்குச் சுமார் பதினொரு மடங்கு; இரண்டும் சேர்ந்தவனுக்கு ஐம்பது மடங்குக்கும் மேல். கல்நார்த் தூசியில் உழைத்தவன் பீடியை விடுவது அவன் தனக்குத் தானே செய்துகொள்ளக்கூடிய பெரிய உபகாரமாகும்.

உலகம் கற்ற பாடம்

இத்தூசி தீயது என்பது புதிதாய் வந்த செய்தி அன்று. இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பரிசோதகரான லூசி டீன் என்னும் மாது 1898-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கல்நார்த் தூசியின் தீங்கைச் சுட்டிக் காட்டினார். ராச்டேல் நகரில் கல்நார் நூற்கும் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924-இல் தமது 33-ஆம் வயதில் இறந்தபோது, டாக்டர் குக் என்பவர் அவருடைய நுரையீரலைச் சோதித்து, கல்நார்த் துணுக்குகள் அதில் பொதிந்திருக்கக் கண்டு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். அவரே 1927-இல் இவ்வியாதிக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயரும் வழங்கினார்.

அதன்பின் டாக்டர் மெரெவெதரும் பிரைஸ் என்னும் பரிசோதகரும் இங்கிலாந்தின் கல்நார் ஆலைகளில் 363 தொழிலாளரைச் சோதித்து 1930-இல் அறிக்கை வெளியிட்டனர். சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடத்தும், 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினரிடத்தும் நுரையீரல் இறுக்கம் காணப்பட்டது. தூசியை எழும் இடத்திலேயே காற்றுக் குழாயால் இழுத்துவிடுதல், மூடி வைத்துச் செய்தல், ஈரமாக்கிச் செய்தல் ஆகியவையே அவர்கள் கூறிய தற்காப்புகள். இவற்றில் மூன்றாவதாகிய தண்ணீர், விலையின்றி நம் கிணற்றிலேயே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 பேருக்கு மீசோதீலியோமா கண்டதை டாக்டர் வாக்னரும் அவருடைய கூட்டாளிகளும் 1960-இல் வெளியிட்டனர். அவர்களுள் சுரங்கத்தில் வேலையே செய்யாமல் அருகில் வசித்தவர்களும் இருந்தனர். 1965-இல் லண்டனில் நடந்த ஆராய்ச்சியில், கல்நார் வேலை செய்தோரின் வீட்டாருக்கும் இந்நோய் கண்டிருப்பது தெரியவந்தது. வேலைத் துணியில் ஒட்டிய தூசியே அவர்களைச் சென்றடைந்தது. 1977-ஆம் ஆண்டிலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் கல்நாரைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று நிச்சயித்தது. வெண்கல்நார் உட்பட எல்லா வகையும் தீங்கானவையே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. உலகில் வேலையிடத்துக் கல்நார்த் தூசியால் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாள்வதாக அந்நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பிரிட்டன் 1999-லும், ஆஸ்திரேலியா 2003-லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-லும், கனடா 2018-லும் கல்நாரை விலக்கிவிட்டன.

உழவர்களுக்கு மிகவும் பொருந்தும் உதாரணம் இத்தாலி தேசத்தில் இருக்கிறது. வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த காசாலே மொன்பெராத்தோ என்னும் ஊரில் 1907 முதல் 1986 வரை ஒரு கல்நார் சிமெண்டு ஆலை நடந்தது. தகடுகளைக் கடைந்தபோது விழுந்த தூளை ஊரார் பெற்றுச் சென்று, முற்றத்தையும் பாதையையும் மேடாக்கவும், பரணில் உஷ்ணம் தடுக்கப் பரப்பவும் உபயோகித்தனர். ஆலை மூடி நெடுங்காலம் ஆகியும், அங்கே வேலை செய்யாதவர்களிடையேயும் மீசோதீலியோமா தொடர்ந்து கண்டு வந்தது. உடைந்த ஷீட்டுத் துண்டுகளைக் களத்து வழியில் பள்ளம் நிரப்பக் கொட்டும் வழக்கமுள்ள நம் கிராமங்கள் இதைக் கேட்டு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

நம் தேசத்து நிலை

ஜார்க்கண்டு மாநிலத்தில் சாயிபாசாவை அடுத்த ரோரோ மலையில் இருந்த கல்நார்ச் சுரங்கம் 1983-இல் மூடப்பட்டது. வெட்டியவர்கள் போய்விட்டனர், கழிவு மலைச்சரிவில் குவியலாக நின்றுவிட்டது. மழைதோறும் அது கரைந்து கீழே இருக்கும் நெல்வயல்களில் இறங்கியது. அக்கிராமத்தார் சுரங்கத்தில் கூலி செய்தவர்களே ஆயினும், அவர்களுடைய விளைநிலமும் பாழாயிற்று.

தொழிலாளர் உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி அளித்த தீர்ப்பு மிக முக்கியமானது. ஆமதாபாத்திலுள்ள நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அந்நீதிமன்றம் கூறியது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட நாள் முதல் 15 ஆண்டுகள், இவ்விரண்டில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும், நோயுற்றதாக ஆமதாபாத்துத் தேசியத் தொழில்சார் நல நிறுவனம் சான்றளித்தவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஈடு தரவேண்டும் என்றும் ஆணையிட்டது.

40 ஆண்டுப் பதிவேடு ஏன் தேவைப்பட்டது? வியாதி அவ்வளவு தாமதித்து வருவதால்தான். இனி நம் கிராமத்தை நோக்குவோம். பத்து வீட்டுக் கூரைகளை மின்சார வட்ட ரம்பத்தால் அறுத்துத் தந்த தச்சனுக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது? 25 ஆண்டு கழித்து மூச்சுத் திணறி அவன் ஆஸ்பத்திரிக்குச் சென்றால் எதைக் காட்டுவான்? தீர்ப்பும் சட்டமும் ஆலையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. தகடோ அவ்வாசலைக் கடந்து நம் தோட்டம் வரை வந்துவிடுகிறது. இந்தியாவில் கல்நார்த் தகட்டை விற்பதும் வாங்குவதும் சட்ட விரோதம் அன்று. ஆகையால் தடை வரட்டும் என்று காத்திராமல், எச்சரிக்கையை நாமே மேற்கொள்ள வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

தடை விதிப்பது எளிதன்று என்பதற்கு அண்டை நாடாகிய இலங்கையே சான்று. அத்தேசம் 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் குறைத்துப் பின்னர் அடியோடு நிறுத்தத் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா அத்தேயிலையை வாங்குவதை நிறுத்தியது. கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் தேசமும் ரஷ்யாவே. இலங்கை தன் கல்நார்த் தடையை ஒத்திப்போட்டது. சில நாட்களுக்குள் தேயிலைத் தடையும் நீங்கிற்று. மலையகத்துத் தமிழ்த் தொழிலாளர் பறிக்கும் கொழுந்தின் விலையும் கூரைத் தகடும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன.

பண்ணையில் தூசி எழும் இடங்கள்

முதலாவது, புதுக்கூரை போடும்போது. தகட்டின் மூலையை வெட்டவும் நீளத்தைக் குறைக்கவும் வேகமாய்ச் சுழலும் மின்சார வட்ட ரம்பத்தை உபயோகிக்கின்றனர். அப்போது எழும் வெண்புகை போன்ற தூசியே எல்லாவற்றிலும் கொடியது. கொக்கி போல்ட்டுக்குத் துளையிடும்போதும் தூசி கிளம்பும்.

இரண்டாவது, காற்றுக் காலத்தில். தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து ஓங்கி வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சரிவர இறுக்காத தகடுகள் பெயர்ந்து விழுந்து நொறுங்கும். அவற்றை விளக்குமாற்றால் பெருக்கி அள்ளுபவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

மூன்றாவது, பழங்கூரை பிரிக்கும்போது. வெயிலிலும் மழையிலும் பல ஆண்டு கிடந்த தகட்டின் மேற்பரப்பில் சிமெண்டு அரித்துப்போய் இழைகள் தலைதூக்கி நிற்கும். அதனை மேலிருந்து கீழே எறிந்து உடைப்பதும், படிந்த பாசியை இரும்புத் தூரிகையால் சுரண்டுவதும் மிகவும் தவறான காரியங்கள்.

தூசியைத் தவிர உடனே உயிரை வாங்கும் அபாயம் ஒன்றும் உண்டு. இத்தகடு மனிதன் பாரத்தைத் தாங்காது. பழுது பார்க்கவோ, விழுந்த காயை எடுக்கவோ மேலே ஏறியவன், காலடியில் தகடு முறிந்து கீழே விழுவான். மேலும், அருகில் தீப்பற்றினால் சூடேறிய தகடு வெடித்துச் சிதறும்; தீயணைக்க நெருங்குபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. வெடிப்போ முறிவோ இல்லாத கூரையைக் கலைக்க வேண்டியதில்லை. கல்நார் என்று கேட்டுப் பயந்து, முன்யோசனை இன்றிப் பிரிப்பதால் இல்லாத தூசியை உண்டாக்கிக் கொள்வோம்.

2. மின்சார ரம்பத்தால் தகட்டை அறுத்தல் கூடாது. கொட்டகையின் அளவைத் தகட்டின் அளவுக்கு ஏற்ப அமைத்தால் அறுக்க வேண்டிய தேவையே இராது; மிஞ்சிய நீளத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் போடலாம். துளை அவசியமாயின், இடத்தை நனைத்துக்கொண்டு கைத் துளைப்பானால் மெதுவாய் இடுக.

3. பிரிக்குமுன் தகட்டை நன்றாக நனைக்க வேண்டும். மருந்து படாத சுத்தமான கைத்தெளிப்பானில் தண்ணீரும் சிறிது சோப்பும் கலந்து, ஏணியில் நின்றபடி மெல்லெனத் தெளித்தால் போதும். வேகமான நீர்ப் பாய்ச்சல் இழைகளைக் கிளப்பிவிடும்.

4. தகட்டின்மேல் எவரும் காலூன்றலாகாது. ஏணியும் சாரமும் கட்டிச் செய்க. மேலே போக வேண்டிய இடத்தில், கைமரங்கள் பலவற்றின்மேல் படியும்படி நீண்ட பலகையைப் போட்டு அதன்மேலேயே இயங்க வேண்டும்.

5. கொக்கிகளைக் கழற்றித் தகட்டை முழுதாக இறக்குக. எறிதல், சம்மட்டியால் உடைத்தல், தரையில் இழுத்தல் இவை கூடா.

6. விழுந்த தூளை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கலாகாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கட்டிவிட வேண்டும்.

7. முகத்தில் கட்டும் துண்டு இத்தூசியைத் தடுக்காது. நுண்ணிய தூசிக்கென்று செய்த, பி-100 வகை வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடியே தக்கது. அதனைப் பண்ணையாளுக்கு வாங்கித் தருவது வேலை செய்விப்பவரின் பொறுப்பு. அதை அணிந்தாலும் நனைத்தலை விடலாகாது.

8. வேலை முடிந்தவுடன் அவ்விடத்திலேயே குளித்து உடை மாற்ற வேண்டும். வேலைத் துணியை உதறாமல் தண்ணீரில் அமிழ்த்தித் தனியே துவைக்க வேண்டும். அத்துணியோடு வீட்டுக்குள் சென்று குழந்தையைத் தூக்குதல் ஆகாது. வேலையிடத்தில் உண்பதும் பீடி குடிப்பதும் விலக்கத்தக்கவை.

9. வேலை நடக்கும்போது குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்பால் வைக்க வேண்டும். தீவனம், தானியம், தரம் பிரித்த காய் ஆகியவற்றை முன்னதாகவே அகற்றுக.

10. உடைந்த துண்டுகளைப் பாதையிலும் வரப்பிலும் கொட்டுவதும், கிணற்றோரத்திலும் ஓடையிலும் எறிவதும் கூடா. நனைத்துப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டிடத்தில் தார்ப்பாயால் மூடி வைத்து, அப்புறப்படுத்தும் வழியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ, ஊராட்சி அல்லது நகராட்சியிலோ கேட்டுச் செய்ய வேண்டும்.

புதிதாய்க் கூரை அமைப்போருக்கு

இனிக் கட்டுவோர் கல்நார் இல்லாத கூரையைத் தேர்வது உத்தமம். நாட்டு ஓடு உஷ்ணத்தை நன்கு தடுப்பது. உடைந்த ஓட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு நெடுநாள் உழைக்கும். அதன்மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ பரப்பினால் தொழுவத்து மாடுகள் வெயிலில் இளைப்பதும் குறையும். கல்நாருக்குப் பதிலாக வேறு நார் சேர்த்த சிமெண்டுத் தகடுகளும் விற்பனையில் உள்ளன. வாங்கும்போது கல்நார் அற்றது என்று தகட்டிலோ விலைச்சீட்டிலோ எழுதியிருத்தல் வேண்டும். முதற்செலவு சற்று அதிகமாகத் தோன்றினும், பழங்கூரையைப் பிரிக்கும் காலத்து வரும் ஆபத்தையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம் இராது.

இருக்கும் கல்நார்க் கூரை நல்ல நிலையில் இருப்பின், சுரண்டாமல் அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளையோ தகுந்த வர்ணமோ தெளித்து விடலாம். உஷ்ணம் குறைவதுடன், வர்ணம் இழைகளையும் பிணைத்து வைக்கும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

பள்ளிக்கூடம், சமையற்கூடம், பொதுக் கிடங்கு, மோட்டார் அறை ஆகிய பொதுக் கட்டடங்களில் எவற்றுக்குக் கல்நார்க் கூரை உள்ளது, எப்போது போடப்பட்டது, இப்போது எந்த நிலையில் உள்ளது என்று ஒரு ஜாபிதா எழுதி வைப்பது பெரிதும் பயன்படும். பழங்கூரை பிரிக்கும் ஒப்பந்தம் விடும்போது, நனைத்தல், முழுதாய் இறக்குதல், முகமூடி, உறையிட்டு அகற்றுதல் ஆகிய நான்கையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். பெருங்காற்றில் கூரைகள் சரிந்த மறுநாள், நொறுங்கிய தகடுகளை அள்ளுமுன் தண்ணீர் தெளிக்கும்படி ஒலிபெருக்கி மூலம் அறிவித்தல் நலம்.

நிலச்சொந்தக்காரர்களும் தங்கள் கணக்குப் புத்தகத்தில் எந்த ஆண்டில் எக்கூரை வேலை நடந்தது, யார் யார் செய்தனர் என்று ஒரு வரி குறித்து வைக்கலாம். ஆலைத் தொழிலாளிக்கு நீதிமன்றம் வகுத்த பதிவேட்டின் ஸ்தானத்தில், பிற்காலத்தில் நோயுற்றவன் மருத்துவரிடம் காட்ட அந்த ஒரு வரியாவது இருக்கும். முன்பு இவ்வேலையைப் பலநாள் செய்து, இப்போது தீராத வறட்டு இருமலோ, நடக்கையில் மூச்சுத் திணறலோ, விரல் நுனிகள் தடித்தலோ உடையவர்கள், அரசு மருத்துவமனைக்குச் சென்று, தாம் கல்நார்த் தகடு அறுத்த விவரத்தை மறவாமல் சொல்லி, மார்புப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்விவரம் தெரிந்தால்தான் மருத்துவர் சரியான வழியில் ஆராய முடியும்.

பயிருக்கு மருந்தடிக்கும்போது காற்றின் திசை பார்த்து நிற்கவேண்டும் என்பதை நம் விவசாயிகள் அனுபவத்தால் கற்றிருக்கிறார்கள். மருந்தின் நாற்றமும் மயக்கமும் அன்றே எச்சரித்தன. கல்நார்த் தூசிக்கு நாற்றமில்லை, எரிச்சலில்லை. அது எச்சரிக்கும்போது காலம் கடந்திருக்கும். ஆகையால் வருகிற ஆனிக் காற்றுக்கு முன்பே தத்தம் கொட்டகைகளின் கொக்கிகளைக் கீழிருந்து பார்வையிட்டு, தளர்ந்தவற்றை இறுக்கி, வெடித்த தகடுகளை மேற்கூறிய முறைப்படி ஈரமாக்கி இறக்கிவிடுவார்களாயின், வீட்டாரும் வேலையாட்களும் நெடுங்காலம் தடையின்றி மூச்சு விடுவார்கள்.